பிடி தேய்ந்தால் ஆட்டமும் தேயும்

வீடியோ விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டவுடனேயே பெற்றோரில் பலர் முகம் சுளிப்பதை நாம் கண்டிருக்கிறோம். கண்ணுக்குக் கேடு, படிப்புக்குக் கேடு, காசுக்கும் கேடு என்று அவர்கள் அடுக்கும் குற்றச்சாட்டுகளில் உண்மை இல்லாமலும் இல்லை. அந்த வழக்கை இங்கே விசாரிக்க நாம் முன்வரவில்லை. நாம் பேச வந்தது ஆட்டத்தின் பிடியைப் பற்றி. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கடைகளிலும், உணவு விடுதிகளிலும், கேளிக்கைக் கூடங்களிலும் காசு போட்டு ஆடும் ஆளுயர இயந்திரங்கள் வரிசையாக நின்றன. அவற்றில் கைக்கு அகப்பட்ட பகுதிகள் சிலவே: சாய்க்கும் பிடி, அமுக்கும் பொத்தான், சுழற்றும் திருகி, உருட்டும் பந்து. இவை இன்று தேய்ந்தும் உடைந்தும் போய்க்கொண்டிருக்கின்றன. இவற்றைப் பழுது பார்ப்பதற்கும், கிடைக்காதவற்றைப் பழையபடியே புதிதாகச் செய்து தருவதற்கும் அந்நாடுகளில் சிலர் தங்கள் மாலைப் பொழுதையும் கைப்பணத்தையும் செலவிடுகிறார்கள். "இதுவும் ஒரு வேலையா?" என்று கேட்கத் தோன்றும். வேலைதான், அதுவும் பொறுப்புள்ள வேலை என்பது நம் கருத்து. அந்தப் பொறுப்பு எதுவரை என்பதில்தான் அவர்களுக்குள்ளேயே சச்சரவு.

முதலில் சிறிது வரலாறு. 1972-ல் கலிபோர்னியாவில் நோலன் புஷ்நெல், டெட் டாப்னி என்ற இருவர் அடாரி நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்த ஆலன் ஆல்கார்ன் என்ற இளம் பொறியாளர் செய்த ஆட்டம் 'பாங்'. திரையில் இரண்டு மட்டைகள், ஒரு பந்து, அவ்வளவே. சன்னிவேல் நகரில் ஒரு மதுக்கடையில் சோதனைக்காக வைத்த இயந்திரம் நின்றுவிட்டது என்று புகார் வர, ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தார். பெரிய பழுது ஒன்றுமில்லை; காசுப் பெட்டி நிரம்பி, மேற்கொண்டு காசு விழ இடமில்லாமல் போயிருந்தது! இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் காசைப் பற்றியே சொல்வார்கள். நமக்கோ, அத்தனை காசுக்கும் எத்தனை கைகள் அந்த இரண்டு திருகிகளைத் திருகியிருக்கும் என்ற எண்ணமே எழுகிறது. அந்தத் திருகி, பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகியின் உடன்பிறப்பு. பொட்டென்ஷியோமீட்டர் என்று பெயர். உள்ளே மின்சாரத்தைத் தடுக்கும் ஒரு வளைந்த பட்டையின்மேல் ஒரு சிறு தொடுமுனை உரசிக்கொண்டே நகர்கிறது. உரச உரசப் பட்டை தேய்கிறது. தேய்ந்த இடத்துக்கு வரும்போது திரையிலுள்ள மட்டை நடுங்குகிறது. ரேடியோவில் 'கரகர' என்று கேட்கும் அதே நோய்தான் இது.

எவ்வளவுதான் தேய்ந்துவிடும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமே. 1979-ல் வந்த 'ஆஸ்டிராய்ட்ஸ்' ஆட்டத்தில் சாய்க்கும் பிடியே கிடையாது, ஐந்து பொத்தான்கள்தாம். அவற்றில் ஒன்று சுடுவதற்கு. ஒருவர் 3 நிமிடம் ஆடுகிறார், நொடிக்கு 2 முறை சுடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆட்டத்துக்கு 360 அமுக்கல். நாளொன்றுக்கு 100 ஆட்டம் நடந்தால் 36,000. ஆண்டொன்றுக்கு 1,31,40,000. ஒரு கோடியே முப்பத்தொரு இலட்சம்! அதையும் மெல்லவா அமுக்கினார்கள்? ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1983-ல் வெளியிட்ட 'டிராக் அண்ட் ஃபீல்ட்' என்ற ஓட்டப்பந்தய ஆட்டத்தில், எவ்வளவு விரைவாகப் பொத்தானைத் தட்டுகிறோமோ அவ்வளவு விரைவாகத் திரையிலுள்ள வீரர் ஓடுவார். விரல் ஓய்ந்தவர்கள் அளவுகோலைக் கொண்டு வந்து பொத்தான்மேல் அதிரவைத்து ஓடினார்கள். அளவுகோலுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்று நம் கணித ஆசிரியையிடம் சொல்லாதிருப்பது நலம்.

விஷயம் தெரியாதவர்கள், பிடி என்றால் எல்லாம் ஒரே பிடிதானே என்று எண்ணுவர். அந்நாளைய ஆட்டங்களோ தத்தம் பிடியோடு சேர்ந்தே பிறந்தவை. 1980-ல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் டோரு இவாடானி வகுத்த 'பாக்-மேன்' ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். சுற்றிச் சுற்றி வரும் சந்துகளில் மேல், கீழ், இடம், வலம் என்று நான்கே திசைகள். அதற்கேற்பப் பிடியும் அந்த நான்கு பக்கம் மட்டுமே சாயும்படி அடியில் தடுப்பு இருக்கும். பிடி பழுதாயிற்று என்று அதைக் கழற்றிவிட்டு, கடையில் எளிதில் கிடைக்கும் எட்டுத் திசைப் பிடியைப் பொருத்தினால் என்ன ஆகும்? கை சற்றே குறுக்கே சாய்ந்ததும் இரண்டு ஸ்விட்சுகள் ஒருசேர மூடிக்கொள்ளும். எந்தத் திசை என்று இயந்திரத்துக்குத் தெளிவாகாது. சந்து முனையில் திரும்ப வேண்டிய பாக்-மேன் நேரே போய்ப் பேயிடம் அகப்பட்டுக்கொள்ளும். ஆடுகிறவர் தம் கையை நொந்துகொள்வார், குற்றமோ பிடியினுடையது. 1982-ல் வந்த 'க்யூபர்ட்' ஆட்டத்தில் அந்த வேடிக்கை உருவம் படிகளில் குறுக்காகவே தாவும். ஆகவே அங்கே நான்கு திசைப் பிடியை 45 பாகை திருப்பிப் பொருத்தியிருந்தார்கள். அதை 'நேராக்கி' வைக்கும் நல்லெண்ணக்காரர் ஆட்டத்தையே கோணலாக்கிவிடுகிறார்.

அதே 1982-ல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் நிறுவனம் வெளியிட்டது 'ரோபோட்ரான் 2084'. அதில் சுடுவதற்குப் பொத்தானே இல்லை. இடக்கையில் ஒரு பிடி நடப்பதற்கு. வலக்கையில் ஒரு பிடி எட்டுத் திசையிலும் சுடுவதற்கு. இதை வகுத்த இருவரில் ஒருவரான யூஜின் ஜார்விஸ், மோட்டார் விபத்தொன்றில் வலக்கையில் அடிபட்டு மாவுக்கட்டோடு வேலைக்குத் திரும்பியிருந்தார். கட்டுப் போட்ட கையால் வழக்கமான பிடியையும் பொத்தானையும் ஆள முடியவில்லை. இரண்டு பிடிகளை வைத்துப் பார்த்தால் என்ன என்ற எண்ணத்துக்கு அந்தக் கட்டும் ஒரு காரணமாயிற்று. இரு கைகளும் இரு வேறு திசையை எண்ண வேண்டிய அந்த ஆட்டத்தின் பதற்றம் முழுவதும் அந்த இரண்டு பிடிகளில்தான் இருக்கிறது. ஒரு பிடியைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது வெறும் வண்ணப்புள்ளிகள்.

நம் மாணவியர் அறிய வேண்டிய பெயர் ஒன்றும் இந்த வரலாற்றில் உண்டு. 1981-ல் அடாரி வெளியிட்ட 'சென்டிபீட்' ஆட்டத்தை எட் லாக் என்பவரோடு சேர்ந்து உருவாக்கியவர் டோனா பெய்லி என்ற பெண்மணி. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் கார்களுக்கான கணிப்பொறி நிரல் எழுதிக்கொண்டிருந்தவர், 1980-ல் அடாரிக்கு வந்தார். காசு இயந்திரப் பிரிவில் அன்று பெண் நிரலாளர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காளான்களுக்கு நடுவே பூரான் ஒன்று நெளிந்து இறங்கும் அந்த ஆட்டத்தைப் பெண்களும் விரும்பி வந்து ஆடினார்கள். அதற்குப் பிடி, டிராக்பால் என்னும் உருளும் பந்து.

இந்தப் பந்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பழுதுபார்ப்பதன் பொருள் இதில்தான் நன்றாக விளங்குகிறது. பந்து புதிய கண்டுபிடிப்பல்ல. 1952-ல் கனடாக் கடற்படைக்காக 'டாட்டார்' என்ற கருவியைச் செய்தபோது, அந்நாட்டு மக்கள் உருட்டி விளையாடும் பந்தொன்றையே அதில் வைத்தார்கள். அடாரியின் 1978-ஆம் ஆண்டுக் கால்பந்து ஆட்டத்தில் பந்தை உள்ளங்கையால் அறைந்து அறைந்து ஆடியவர்களுக்குக் கொப்புளமே வந்ததுண்டு. மேலே தெரிவது பந்தின் முகடு மட்டும். உள்ளே பந்து மூன்று இடங்களில் தங்கியிருக்கிறது. ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு உருளைத் தண்டுகள். மூன்றாவது, பந்தைத் தாங்க மட்டும் ஒரு சிறு பேரிங். பந்து உருளும்போது தண்டுகள் சுழல்கின்றன. ஒவ்வொரு தண்டின் முனையிலும் சீப்புப் பல்போல் வெட்டுகள் கொண்ட ஒரு சிறு சக்கரம். அதன் ஒரு புறம் விளக்கு, மறுபுறம் ஒளியை உணரும் இரண்டு கண்கள். வெட்டுகள் கடக்கும்போது ஒளி விட்டுவிட்டு விழுகிறது. எத்தனை முறை விழுந்தது என்பதிலிருந்து தூரமும், எந்தக் கண் முந்திக்கொண்டது என்பதிலிருந்து திசையும் தெரிந்துவிடும். எளிமையான ஏற்பாடு, ஆனால் என்ன அழகு!

இதில் பழுது எப்படி வருகிறது? விளக்கும் கண்களும் எளிதில் கெடுவதில்லை. பேரிங்கில் கைவியர்வையும் கொட்டிய குளிர்பானமும் இறங்கித் துருப்பிடிக்கிறது. பந்து உரசி உரசித் தண்டில் பள்ளம் விழுகிறது. பள்ளம் விழுந்த தண்டில் பந்து ஓரிடத்தில் வழுக்கும், ஓரிடத்தில் பிடிக்கும். அவசரக்காரர் என்ன செய்கிறார்? எண்ணெய் விடுகிறார். எண்ணெய் பட்டதும் பந்து தண்டைச் சுழற்றாமல் அதன்மேல் வழுக்கிப் போகிறது. போதாக்குறைக்குத் தூசியும் ஒட்டிக்கொள்கிறது. தெரிந்தவர் பேரிங்கை மாற்றுகிறார். பேரிங் எங்கும் கிடைக்கும் சரக்கு; அளவு பார்த்து வாங்கினால் போதும். தண்டு அப்படியல்ல. அதைக் கடைசல் இயந்திரத்தில் பழைய அளவுக்கே கடைந்து, தேயாத உறுதி ஏற்றிச் செய்ய வேண்டும். சக்கரத்தில் ஒரு வெட்டுக் கூடினாலோ, தண்டின் பருமன் ஒரு தாள் அளவு குறைந்தாலோ திரையில் ஓட்டத்தின் வேகம் மாறிவிடும். அந்த மாற்றத்தைக் கண் அறியாது. நாற்பது ஆண்டுக்கு முன் ஆடிய கை உடனே அறியும்.

இங்கே ஒரு கேள்வி எழும். பழைய ஆட்டங்கள் அத்தனையும் இன்று கணிப்பொறியிலேயே கிடைக்கின்றனவே, இந்த இரும்பையும் பிளாஸ்டிக்கையும் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்? உண்மைதான். 1997-ல் இத்தாலியின் நிக்கோலா சால்மோரியா தொடங்கி வைத்த 'மேம்' என்ற நிரல், பழைய இயந்திரங்களைப் போலவே கணிப்பொறியை நடிக்க வைக்கிறது. பலர் கூடி உழைத்து ஆயிரக்கணக்கான ஆட்டங்களை அழிவிலிருந்து காத்திருக்கிறார்கள். அந்தத் தொண்டை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் அதில் காக்கப்பட்டது ஆட்டத்தின் மூளை. அதைக் கணிப்பொறி விசைப்பலகையில் நான்கு அம்புக்குறி விசைகளைத் தட்டி ஆடிவிட்டு, 'சென்டிபீட்' ஆடினேன் என்று சொல்வது, பாட்டின் சொற்களைப் படித்துவிட்டுப் பாட்டைக் கேட்டேன் என்று சொல்வதைப் போன்றது. நிரலைப் பிரதி எடுப்பது ஒரு நொடி வேலை. எத்தனை பிரதியும் ஒன்றுபோலவே இருக்கும். தண்டையும் பிடியையும் அப்படிப் பிரதி எடுக்க முடிவதில்லையே!

செய்தவர்களிடமே கேட்டு வாங்கலாம் என்றால் செய்தவர்கள் இல்லை. அடாரியின் காசு இயந்திரப் பிரிவு கைமாறிக் கைமாறி, 1999-ல் பெயரும் மாறி, 2003-ல் மூடப்பட்டது. 'க்யூபர்ட்' தந்த காட்லீப் பெயரில் நடந்துவந்த தொழிற்சாலை 1996-லேயே மூடியாயிற்று. மிட்வே நிறுவனம் 2001-ல் காசு இயந்திரத் தொழிலை விட்டது. ஜப்பானில் சான்வா, செய்மிட்சு போன்ற நிறுவனங்கள் பிடிகளும் பொத்தான்களும் செய்து விற்கின்றன. நல்ல சரக்குத்தான், ஆனால் அது வேறு சரக்கு. ஆகவே இதுவரை நடந்துவந்த வழி, ஓர் இயந்திரத்தைக் கொன்று இன்னோர் இயந்திரத்தைப் பிழைக்கவைப்பதுதான். நான்கு இயந்திரங்களிலிருந்து ஒன்று தேறும். பிறகு? அந்த ஒன்றுக்கும் ஒருநாள் பல் விழும்.

பழுது என்றதும் மாற்றுவதற்கு முன் துடைத்துப் பார்ப்பது என்ற ஒன்று இருக்கிறது. அந்நாளைய பொத்தான் பலவற்றின் அடியில் இருந்தது தகட்டு ஸ்விட்ச். மெல்லிய உலோகத் தகடுகள் இரண்டு, இடையில் நூலிழை இடைவெளி, முனையில் வெள்ளிப் பொட்டு. பொத்தான் இறங்கினால் தகடு வளைந்து பொட்டும் பொட்டும் தொடும். சத்தம் இல்லை. இன்றைய மைக்ரோ ஸ்விட்சில் கேட்கும் 'டிக்' ஒலி அதில் கிடையாது. எந்த ஆழத்தில் தொட வேண்டும் என்பதைத் தகட்டை லேசாக வளைத்துச் சரிசெய்துகொள்ளலாம். நாளடைவில் பொட்டின்மேல் கறுப்புப் படிந்து மின்சாரம் தடைப்படும், சுட்டாலும் சுடாது. உடனே உப்புத்தாளைத் தேடுகிறவர்களே அதிகம். உப்புத்தாளோ அரமோ பட்டால் வெள்ளியும் சேர்ந்து போய்விடும். கெட்டியான காகித அட்டை ஒன்றை இரு பொட்டுகளுக்கும் நடுவே வைத்து, தகட்டை மெல்ல அழுத்திப் பிடித்து, அட்டையை உருவினால் போதும். அட்டையில் கறுப்புக் கோடு விழும், பொட்டு வெளுக்கும். இத்தனை எளிய வைத்தியம் தெரியாமல் எத்தனையோ நல்ல ஸ்விட்சுகள் குப்பைக்குப் போயின, இன்னும் போகின்றன.

துடைத்தும் தீராதவற்றுக்குப் புதிது செய்யத்தான் வேண்டும். 1982-ல் 'டிரான்' திரைப்படத்தோடு அதே பெயரில் வந்த ஆட்டத்தின் பிடி, ஒளி ஊடுருவும் நீலப் பிளாஸ்டிக். முன்புறம் துப்பாக்கி விசைபோல் ஒரு விசை. இயந்திரத்துக்குள் இருந்த புற ஊதா விளக்கில் அது நீலமாய்ச் சுடர்விட்டது. பல கைகள் இறுக்கி இறுக்கிப் பிளாஸ்டிக் வெடித்துவிட்டது. இதற்கு மாற்றுச் செய்பவர்கள் முதலில் ஒரு நல்ல மூலப்பிடியைத் தேடுகிறார்கள். அதைச் சுத்தம் செய்து, வெடிப்பை அடைத்து, மெருகிட்டு, பெட்டிக்குள் நிறுத்திச் சுற்றிலும் சிலிக்கோன் ரப்பரை ஊற்றுகிறார்கள். இறுகியதும் இரண்டாக அறுத்து மூலத்தை எடுத்துவிட்டால் அச்சுத் தயார். அதில் சாயம் கலந்த பிசினை ஊற்ற வேண்டும். காற்றுக் குமிழி ஒன்று தங்கினாலும் ஒளி ஊடுருவும் பிடியில் அம்மைத் தழும்புபோல் தெரியும்! நிறமோ இன்னும் பெரிய சோதனை. பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போகும் நீலம், புற ஊதா விளக்கின்கீழ் மங்கிப்போகும்.

அச்சில் ஊற்றியது இறுகும்போது சற்றே சுருங்கும். ஆகவே பிரதி, மூலத்தைவிட இம்மியளவு சிறிது. அந்தப் பிரதியை வைத்து இன்னொருவர் அச்செடுத்தால் அது இன்னும் இம்மியளவு சிறிது. ஏட்டைப் பார்த்து ஏடு எழுதியவர்கள் பிழையையும் சேர்த்து எழுதிப் பிழை பெருகிய கதை நம் தமிழுக்குப் புதிதல்லவே. நேர்மையான தொழிலாளி மூலத்தை அளந்து வரைபடம் எழுதி, சுருக்கத்தையும் கணக்கிட்டுச் செய்கிறார். முப்பரிமாண அச்சு இயந்திரம் இதற்குப் பெரிய துணை. ஆனால் சாதாரண வகை இயந்திரம் படலம் படலமாக அடுக்கிச் செய்வதால், இழுவிசை படும் இடத்தில் படலம் பிரிந்துவிடும். அளவு சரிதானா என்று பொருத்திப் பார்க்க அது உகந்தது. ஆயிரம் முறை இழுபடும் விசைக்கு அதை நம்ப முடியாது. 1983-ல் அடாரி வெளியிட்ட 'ஸ்டார் வார்ஸ்' ஆட்டத்தில், விமானியின் பிடிபோல இரு கையாலும் பற்றும் ஒரு பிடி உண்டு. அமெரிக்க இராணுவத்தின் பயிற்சிக்காகச் செய்த ஓர் இயந்திரத்துக்கென முதலில் வகுத்த பிடி அது. அதன் உள்ளே இருக்கும் சிறிய பற்சக்கரங்கள் உடைந்தால் பிடி எவ்வளவு அசைந்தாலும் திரை அசையாது. கைவிரலில் அடங்கும் சக்கரத்துக்காக ஆளுயர இயந்திரம் ஊமையாக நிற்கிறது. அந்தச் சக்கரத்தைச் செய்து தருகிறவரை நாம் வெறும் பொம்மைக்காரர் என்று சொல்லத் துணிவோமா?

சச்சரவுக்கு வருவோம். ஒரு சாரார், மூலப்பாகம் இல்லாவிட்டால் இயந்திரம் நின்றே போகட்டும், போலியைத் தொடாதே என்கிறார்கள். விற்காமல் பெட்டியிலேயே கிடந்த பழைய புதுச் சரக்குக்காக எந்த விலையும் கொடுக்கிறார்கள். வாங்கியதைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்கிறார்கள். மறு சாரார், ஆடினால் சரி, எது பொருந்துகிறதோ அதைப் போடு என்கிறார்கள். முதல் கட்சியின் வழி போனால் இயந்திரம் பார்வைப் பொருளாகிறது. இரண்டாம் கட்சியின் வழி போனால் பத்து ஆண்டில் மூலம் எது, ஒட்டு எது என்றே யாருக்கும் தெரியாது. வீணை வாசிப்பவர் வீட்டைப் பாருங்கள். மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிட்டால் ஆளை அழைத்து மேளம் கட்டிக்கொள்கிறார்கள். பழைய மெழுகு போய்விட்டதே, இனி இது பாட்டியின் வீணை இல்லையே என்று யாரும் அழுவதில்லை. ஆனால் மெட்டின் இடத்தை மாற்றிக் கட்டினால் யார்தான் பொறுப்பார்கள்? நம் கருத்து இதுதான்: புதிய பாகம் செய்யலாம், செய்யவே வேண்டும், ஆனால் பழையதைப்போலவே கையில் நடக்க வேண்டும், புதியது என்று தன்னைத்தானே சொல்லவும் வேண்டும்.

கட்டடங்களைப் பாதுகாப்போர் இந்த வழக்கை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். 1964-ல் வெனிஸ் நகரில் கூடி அவர்கள் எழுதிய பட்டயத்தில், குறைந்த பகுதியை நிரப்பும்போது அது முழுமையோடு இசைய வேண்டும், ஆயினும் பழையதிலிருந்து பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். கோபுரத்துக்குப் பொருந்தும் விதி கைப்பிடிக்கு ஏன் பொருந்தாது? பிடியின் அடிப்புறத்தில், கண்ணுக்கும் கைக்கும் படாத இடத்தில், செய்தவர் அடையாளமும் ஆண்டும் பதித்தால் போதும். ஆடுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. நாளை திறந்து பார்ப்பவருக்கு எல்லாம் தெரியும். இதைச் செய்ய மறுப்பவர்கள் ஏன் மறுக்கிறார்கள் என்று யோசித்தால், பிரதியை மூலம் என்று விற்கும் ஆசை சிலருக்கு இருப்பது புலப்படும். நல்ல பிரதியில் கெட்டுப்போவது வாங்கியவரின் பணம் மட்டுமல்ல. அதைத் தவறுதலாக மூலமாக எண்ணி அளந்து, அதிலிருந்து அடுத்த பிரதி செய்யப்படும்.

கழற்றிய பழைய பாகத்தை என்ன செய்வது? உடைந்தாலும் எறியக்கூடாது. ஒரு பையிலிட்டு, தேதியும் காரணமும் எழுதிய சீட்டோடு இயந்திரத்தின் உட்புறத்திலேயே கட்டித் தொங்கவிட வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. நம் வீட்டு அம்மாக்கள் தைத்த துணியின் மிச்சத்தைப் பத்திரப்படுத்துவதில் பாதி அக்கறை போதும்.

'மேம்பாடு' செய்வோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய தகட்டு ஸ்விட்சை எடுத்துவிட்டு 'டிக்' ஒலிக்கும் புதியதைப் போட்டு, "முன்னைவிட நன்றாக இருக்கிறது" என்று மகிழ்கிறார்கள். அவர்கள் இயந்திரம், அவர்கள் மகிழ்ச்சி. ஆனால் அதற்காகப் பலகையில் புதிய துளை இடுவதை மட்டும் நம்மால் மன்னிக்க முடியவில்லை. திருகாணியைக் கழற்றிவிடலாம், துளையைக் கழற்ற முடியாது. கைக்கு வலுவில்லாதவர், விரல் மடங்காதவர் ஆடுவதற்காக வேறு பிடி பொருத்தினால் அது வேறு விஷயம், அதை வரவேற்கிறோம். மாவுக்கட்டுக் கையிலிருந்து பிறந்த ஆட்டத்தை மேலே கண்டோமே. துளையிடாமல் பொருத்தி, வேண்டாதபோது கழற்றி வைக்கும்படி செய்யும் வழிகள் இருக்கின்றன.

பலகையின்மேல் ஒட்டிய ஓவியத் தாளைப் பற்றி மட்டும் நமக்குள்ளேயே முடிவு ஏற்படவில்லை. புதிய தாளைப் பாலிகார்பனேட்டில், விரல் படாதபடி பின்புறமாக அச்சிட்டுத் தருகிறார்கள். பளபளவென்று அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய தாளில் பொத்தானின் இடப்புறம் வண்ணம் வழித்தெடுத்தாற்போல் வெளுத்திருக்கும். ஆயிரம் பேரின் மணிக்கட்டு தங்கிய இடம் அது. ஓரத்தில் சிகரெட் சுட்ட வடு இருக்கும். அதை உரித்தெறிந்துவிட்டு நேற்று அச்சிட்டதை ஒட்டினால் எதையோ இழக்கிறோம். உரிக்காமல் விட்டாலோ கிழிந்த விளிம்பு கையைக் கீறுகிறது.

எங்கே வைத்து ஆடுவது என்பதற்கு வழிகாட்டிகள் இருக்கிறார்கள். நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டர் நகரில் 'தி ஸ்ட்ராங்' என்னும் விளையாட்டு அருங்காட்சியகம் மின்னணு ஆட்டங்களுக்கென்றே ஒரு மையத்தை 2009-லிருந்து நடத்திவருகிறது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் லகோனியாவில் 'ஃபன்ஸ்பாட்' என்ற கேளிக்கைக் கூடத்திலுள்ள அருங்காட்சியகம் பழைய இயந்திரங்களை ஆடுவதற்கென்றே வைத்திருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தாமல் ஆடவிடுவதற்கு விலை உண்டு: ஆடினால் தேயும். தேய்ந்தால் பாகம் வேண்டும். பாகம் செய்யத் தெரிந்தவரும், அவர் அளந்து எழுதிய தாளும் வேண்டும்.

காலமும் அதிகம் இல்லை. 1981-ல் பதினைந்து வயதில் ஆடியவருக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. புதிய இயந்திரத்தில் பந்து எப்படி உருண்டது, பொத்தான் எந்த ஆழத்தில் தொட்டது, பிடியை விட்டதும் ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக நடுவுக்கு இழுத்தது என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் எழுதப்படவில்லை. அவர்கள் விரல்களில் இருக்கிறது. பிரதி செய்கிறவர் அவர்களை அழைத்து, பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கையில் கொடுத்து, "எது?" என்று கேட்க வேண்டும். அவர்கள் 'இதுதான்' என்று சொல்லும் ஸ்பிரிங்கைச் சிறிய தராசில் மாட்டி, எத்தனை கிராமுக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அன்றைக்கே தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.